மயில்வாகனத்தார் நோன்பு பிடித்த மாதம்

கெட்டிக்காரியாக இருப்பதில் ஒரு பெரிய தொல்லை இருக்கிறது. ஒரு வேலையை நன்றாகச் செய்துவிட்டால் அதையே காலத்துக்கும் தலையில் கட்டிவிடுவார்கள். மடவளை கைரியாவுக்கு அதுதான் நடந்தது.

கண்டி யட்டிநுவர வீதியில் ஒரு சாரிக்கடைக்கு மேல்மாடியில் அவள் வேலை செய்யும் கம்பனி இருக்கிறது. மென்பொருள் செய்து விற்பவர்கள். தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து நிறுக்கும் கணக்கு, மருந்துக்கடைக்கு பில், பள்ளிக்கூடத்துக்கு வரவு இடாப்பு என்று அவர்கள் கைவைக்காத துறை இல்லை. ஒவ்வொன்றின் நிரலும் ஒரு தனிப் பெட்டகத்தில் கிடக்கும். அதை ரெப்போ என்பார்கள். ஒவ்வொரு ரெப்போவின் வாசலிலும் வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகள் வந்து குவியும். அவற்றுக்கு இஷ்யூ என்று பெயர். வந்த இஷ்யூவைப் படித்து, இது அவசரமா, ஆறப்போடலாமா, முன்னமே இன்னொருவர் சொல்லி அழுததா, எந்த ரெப்போவுக்கு உரியது, யார் தலையில் போடுவது என்று பிரித்து அனுப்புவது கைரியாவின் வேலை. பிரிபடாமல் தேங்கிக் கிடப்பதை பேக்லாக் என்பார்கள். அது ஒருநாளும் வற்றாது.

கைரியா இந்த வேலைக்காக வந்தவள் அல்ல. நிரல் எழுத வந்தவள். படிப்பு முடித்து, கையில் டிப்ளோமாவோடு வந்தவளிடம், "ஒரு ஆறு மாசம் இதைப் பாருங்கோ பிள்ளை, பிறகு கோடிங் மேசைக்கு எடுக்கிறம்" என்றார் மேனேஜர் கஜேந்திரன். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் தன் வசதிக்கு வந்தால் காலண்டரையே மறந்துவிடுவார். ஆறு மாதம் மூன்று வருடமாயிற்று. ஜன்னலோரக் கோடிங் மேசையில் அவளுக்குப் பின்னால் வந்த பொடியன்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கைரியா போய்க் கேட்கும்போதெல்லாம் கஜேந்திரன் ஒரே பதிலை வைத்திருந்தார்.

"ஓம், விடலாம்தான். ஆனா நீங்கள் எழும்பினா இதை ஆர் பிரிக்கிறது?"

அவள் வீட்டில் இருந்தும் நிரல் எழுதிப் பழகினாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போதும் கைபேசியில் நிரல்தான் படித்தாள். அந்த மேசையில் ஒரு கதிரை வேண்டும் என்ற ஆசை அவளுக்குச் சும்மா ஆசை அல்ல, நெஞ்சுக்குள் கிடந்து குடைந்தது.

இப்படியிருக்கையில் கஜேந்திரன் கொழும்பில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு, ஒரு துணிப்பையும் ஒரு புதுப் பைத்தியமும் கொண்டு வந்தார். இனி இஷ்யூ பிரிப்பதை இயந்திரமே செய்ய வேண்டுமாம். எல்லா ரெப்போவையும் பொட் எனும் ஒரே தானியங்கி நிரல் மேய்க்க வேண்டுமாம். புசல்லாவைப் பொடியன் யுகேஷைப் பிடித்து அதைச் செய்யச் சொன்னார். யுகேஷ் கைராசிக்காரன். அரைகுறையாகச் செய்தாலும் ஓடுவது மாதிரிச் செய்வான். இதையும் அப்படியே செய்து கொடுத்தான்.

பொட்டுக்குப் பெயர் வைத்தது கஜேந்திரன். "எங்கட பெரியப்பா மயில்வாகனம் தபால் கந்தோரில கடிதம் பிரிச்சவர். அவர் பிரிச்சா ஒரு கடிதம் ஊர் மாறாது" என்று பெருமையோடு சொல்லி, அந்தப் பெயரையே வைத்துவிட்டார். மேனேஜரின் பெரியப்பாவை யார் மரியாதை இல்லாமல் கூப்பிடுவது? அன்றிலிருந்து கம்பனி முழுக்க அந்த இயந்திரத்தை 'மயில்வாகனத்தார்' என்றே அழைத்தது.

கஜேந்திரன் வாய் தவறிச் சொன்னாரோ மனமறிந்து சொன்னாரோ, எல்லார் முன்னிலையிலும் இன்னொன்றும் சொன்னார்.

"மயில்வாகனத்தார் ஒரு மாசம் ஒழுங்கா வேலை செய்தா, கைரியா கோடிங் மேசைக்குப் போறா. இது என்ர வாக்கு."

இயந்திரம் வந்தால் கைரியாவின் பிழைப்பு போய்விடும், பாவம் என்று அலுவலகத்தில் பலர் அவளை அனுதாபத்தோடு பார்த்தார்கள். அவளோ அந்த இயந்திரத்துக்காகத் தொழுகையில் துஆக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் வாரத்திலேயே மயில்வாகனத்தார் தன் குணத்தைக் காட்டினார்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக்கடைக்காரர், "ஆப் செத்துப்போச்சு, கடை நிறைய ஆக்கள் நிக்கிறாங்க" என்று எழுதினார். மயில்வாகனத்தார் அவருக்கு ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்து, இஷ்யூவை மூடிவிட்டார். மருந்துக்கடைக்காரர் பதிலுக்கு எழுதியதை வாய்விட்டுப் படிக்க முடியாது.

புசல்லாவைக்கு அந்தப்பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சின்னமுத்து என்று ஒரு கிளார்க் இருக்கிறார். தராசு கோளாறென்றாலும் சரி, ரசீது அச்சடிக்கவில்லை என்றாலும் சரி, எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரமாட்டார். 'அன்புள்ள ஐயா அம்மா அனைவருக்கும் வணக்கம், இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல்' என்று நாலு வரி எழுதித்தான் குறையைத் தொடுவார். மயில்வாகனத்தார் அவருடைய முறைப்பாடுகளை எல்லாம் பார்த்தார். தொடக்கம் ஒன்றாக இருந்தது. எல்லாம் ஒரே முறைப்பாடு என்று தீர்ப்பளித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட்டார். தொழிற்சாலையில் தராசு நின்றது, கொழுந்துக் கூடைகள் வரிசையில் நின்றன.

இன்னொருவருக்குத் தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்பும் பழக்கம். வாட்ஸப்பில் அனுப்புவது போதாதென்று இஷ்யூவின் அடியிலும் போட்டுவந்தார். எதில் அதிகம் பேச்சு நடக்கிறதோ அதுதான் மிக அவசரம் என்பது மயில்வாகனத்தாரின் கணக்கு. ஆகவே, 'லோகோவின் பச்சையைக் கொஞ்சம் கூட்டினால் நல்லது' என்ற அந்த மனிதரின் வேண்டுகோள் எல்லா ரெப்போக்களையும் முந்திக்கொண்டு உச்சியில் போய் உட்கார்ந்தது.

கஜேந்திரனுக்கு அவமானம் தாங்கவில்லை. "பெரியப்பான்ர பேர் நாறுது. இன்னும் ரெண்டு நாள் பாப்பன். சரிவராட்டி நிப்பாட்டுவன். கைரியா, நீங்கள் எங்கயும் போயிடாதேங்கோ" என்றார். யுகேஷ் இரண்டு நாள் உட்கார்ந்தால் சரிசெய்துவிடுவான். ஆனால் அவனை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் வேலைக்குத் தூக்கிப் போட்டாயிற்று. தலையைச் சொறியவும் அவனுக்கு நேரமில்லை.

மயில்வாகனத்தாரின் கடவுச்சொல் கைரியாவிடம் இருந்தது. சோதித்துப் பார்க்கவென்று யுகேஷ் கொடுத்தது, திருப்பி வாங்க மறந்துவிட்டான். மறுநாள் முதல் நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பிட்டு, சுபஹு தொழுதுவிட்டு, தேத்தண்ணி குடிக்க முடியாத அந்த நேரத்தில் கைரியா மடிக்கணினியைத் திறந்தாள். மயில்வாகனத்தாராக உள்ளே போனாள். அவர் தன்பாட்டில் முடிவெடுக்கும் வசதியை அணைத்தாள். 'ஆலோசனை மட்டும் சொல்லும்' என்று மாற்றினாள். பிறகு அவர் சொன்ன ஆலோசனைகளை எல்லாம் தள்ளிவிட்டு, தானே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எல்லாம் மயில்வாகனத்தாரின் பெயரில்.

நோன்பும் பிடித்துக்கொண்டு இப்படி ஒரு கள்ள வேலை செய்யலாமா என்று மனம் ஒருதரம் கேட்டது. வேலை தெரியாத ஒரு புது ஆளுக்குக் கைகொடுப்பது நன்மைதானே என்று அவள் அதற்குப் பதில் சொன்னாள். மனம் அதோடு வாயை மூடிக்கொண்டது.

கஜேந்திரன் அலுவலகத்துக்கு வந்து திரையைப் பார்த்தவர், இரண்டாம் முறையும் பார்த்தார். மருந்துக்கடைகள் ஒரு பக்கம், தராசுகள் ஒரு பக்கம் என்று எல்லாம் துப்புரவாகப் பிரிந்திருந்தன. ரோஜாப்பூக்காரரின் பச்சை நிறம் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. சின்னமுத்துவுக்கு, 'இங்கும் அனைவரும் நலம். தராசு பற்றி இன்றைக்கே பார்க்கிறோம்' என்று பதில் போயிருந்தது.

"பாத்தீங்களோ! படிச்சிட்டார்! தானா படிச்சிட்டார்!" என்று கத்தினார் கஜேந்திரன். கைரியா ஆச்சரியப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி.

அதன்பிறகு மயில்வாகனத்தாரின் புகழ் நாளுக்கு நாள் ஏறியது. கஜேந்திரன் அவருடைய வேலை நேரத்தை வரைபடமாகப் போட்டுச் சுவரில் காட்டினார். கிழக்கு வெளுக்கும் முன்னரே கோடு செங்குத்தாக எழும்பி நின்றது.

"மனுசர் எல்லாரும் நித்திரையில கிடக்க, இவர் எழும்பி வேலை செய்யிறார். இதுதான் மெஷின்!"

யாரோ ஒரு பொடியன், "சேர், பின்னேரம் மட்டும் ஏன் இப்படிப் படுத்திட்டார்?" என்று கேட்டான். உண்மைதான். பின்னேரமானால் கோடு சோர்ந்து தரையோடு கிடந்தது. வயிற்றில் ஒன்றுமில்லாமல், நாக்கு வறண்டு, கண் இருண்டுகொண்டு வருபவளால் அதற்குமேல் எப்படி எழும்ப முடியும்?

"அது சேர்வர். பின்னேரத்தில உலகமெல்லாம் நெருக்கடி. மஃரிபு கழிய, பாருங்கோ, திரும்ப எப்படி எழும்பிறார்!" என்றார் கஜேந்திரன். மஃரிபு என்ற சொல் தன் வாயில் வந்ததை அவர் கவனிக்கவில்லை. நோன்பு மாதத்தில் கண்டியில் எல்லாருக்கும் நோன்பு திறக்கும் அந்த அந்தி நேரம் தெரியும். கைரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் நல்லது. கஜேந்திரன் வரைபடத்தைக் கம்பனி முதலாளி நடராஜாவுக்கு அனுப்பிவிட்டார். நடராஜா கொழும்பில் இருப்பவர். இன்னும் இரண்டு கம்பனிகள் வைத்திருப்பவர். அவர் நேரில் வந்து, கைதட்டி, கஜேந்திரனின் முதுகில் தட்டி, "நம்ம மத்த கம்பனி ரெப்போ எல்லாத்தையும் இதுக்கே குடுத்திருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் தூர இடத்து பஸ்களுக்கு ஆசனம் பதியும் மென்பொருளும் ஒன்று. ஒரே வாரத்தில் மயில்வாகனத்தாரின் வேலை மூன்று மடங்காயிற்று.

அன்றைக்கே கஜேந்திரன் வாக்கைக் காப்பாற்றினார். "மாதம் முடியேல்லத்தான். ஆனா இனி என்ன சந்தேகம்? போய் அந்த மேசையில இருங்கோ பிள்ளை" என்றார். கைரியா மூன்று வருடம் கண்ணால் அளந்த கதிரையில் போய் உட்கார்ந்தாள். முன்னால் இரண்டு திரை. ஒன்றில் அவள் எழுத வேண்டிய நிரல். மற்றதில், யாரும் பார்க்காதபடி சாய்த்து வைத்த ஜன்னலில், மூன்று கம்பனிகளின் அழுகை. முதலாவதை அவள் திறந்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். ஒரு வரி எழுத நேரம் கிடைக்கவில்லை. ஆசைப்பட்ட கதிரையில் இருந்துகொண்டு பழைய வேலையை முன்னையைவிட மூன்று மடங்கு செய்தாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது தன்னை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால் அழுகையும் வந்தது.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் கதிரை போகும். சொல்லாவிட்டால் கதிரை இருக்கும், ஆனால் அதில் இருந்து என்ன பயன்? பெருநாள் கழியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினாள்.

பெருநாள் வந்தது. அரசாங்க லீவு, அலுவலகம் பூட்டு, இன்றைக்கு ஒரு நாள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கைரியா கைபேசியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, புதுச்சட்டை போட்டுக்கொண்டாள். அங்கேதான் பிசகிவிட்டது. லீவு நாளில்தான் சனம் பஸ் ஏறும். காலையில் இருந்தே ஆசனப் பதிவில் ஒரே ஆசனத்தை இரண்டு பேருக்கு விற்றுக்கொண்டிருந்தது. முறைப்பாடுகள் மழையாய்க் கொட்டின. மயில்வாகனத்தார் 'அவசரம்' என்று முத்திரை குத்தினால்தான் முறையில் இருக்கும் பொறியியலாளரின் போன் அடிக்கும். மயில்வாகனத்தார் குத்தவில்லை. அவர் மடவளையில் பெருநாள் கொண்டாடிக்கொண்டிருந்தார்.

பெருநாள் பகல் சாப்பாட்டுக்கு அலுவலகத்து ஆட்கள் கைரியா வீட்டுக்கு வருவது வழக்கம். இந்த முறை கஜேந்திரனும் யுகேஷும் வந்தார்கள். கைரியாவின் வாப்பா பாரூக், மடவளை பஸாரில் சில்லறைக் கடை வைத்திருப்பவர், வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பிரியாணிச் சஹன் தட்டு நடுவில் வந்தது. கஜேந்திரன் முதல் கவளத்தை எடுக்கவும் அவருடைய போன் அடிக்கவும் சரியாக இருந்தது. முதலாளி நடராஜா. தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு மயில்வாகனத்தாரின் வரைபடத்தைக் காட்டப் போயிருக்கிறார். கோடு விடியலில் இருந்து தரையோடு தரையாகக் கிடந்திருக்கிறது.

"ஓம் சேர்... இல்லை சேர்... மெஷினுக்கு லீவு இல்லை சேர்... பாக்கிறன் சேர்." போனை வைத்த கஜேந்திரன் அதிலேயே வரைபடத்தைத் திறந்து பார்த்து வெளிறிப்போனார். "யுகேஷ், பெரியப்பா நிண்டிட்டார்!"

"வட்டிலப்பம் எடுத்திட்டு வாறேன்" என்று கைரியா எழும்பினாள். அலுமாரியில் இருந்து போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடி, வட்டிலப்ப இனிப்புச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பெருவிரலாலும் பிரித்துத் தள்ளினாள்.

"வந்திட்டார்! எழும்பிட்டார்!" என்று கஜேந்திரனின் குரல் ஹோலில் இருந்து கேட்டது.

"கைரியா, பீங்கான் பத்தல்ல, கொண்டு வா!" என்று வாப்பா கூப்பிட்டார். அவள் பீங்கானோடு வந்து நின்றாள்.

"திரும்ப நிண்டிட்டுது!" என்றார் கஜேந்திரன்.

"தண்ணி எடுத்திட்டு வாறேன்."

"ஆ, ஓடுது, ஓடுது!"

தண்ணீரோடு வந்தாள். நின்றது. பக்கத்து வீட்டார் ஸலாம் சொல்ல வந்தார்கள், அவளும் நின்று பேச வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் மயில்வாகனத்தார் அசையவில்லை. அவர்கள் போய், அவள் சம்பல் எடுக்கப் போனதும் துள்ளிக்கொண்டு எழும்பினார்.

யுகேஷ் எலும்பைக் கடித்தபடி கஜேந்திரனின் போனையும் குசினிக் கதவையும் மாறிமாறிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது.

"அக்கா, கொஞ்சம் ஊறுகா கெடைக்குங்களா?" என்றான். அவள் போனாள். ஓடியது. "அக்கா, வந்து ஒக்காருங்க, நீங்களும் சாப்பிடுங்க." அவள் வந்தாள். நின்றது. "அக்கா, இன்னும் கொஞ்சம் ஊறுகா." பாவி, வேண்டுமென்றே செய்தான். ஊறுகாய்ப் போத்தலை அவன் தொடவும் இல்லை.

கஜேந்திரனுக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்க வைத்தது கைரியாவின் உம்மா. வட்டிலப்பத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தவர், மனத்தாங்கலை மறைக்காமல் மேனேஜரிடமே கேட்டார்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. அந்த மயில்வாகனம் எண்ட மனுசனுக்குக் கை கால் ஏலாதா? நோன்பு முழுக்க இவள் சஹருக்கு எழும்பி அவர்ட வேலயத்தான் செஞ்சிட்டு ஈக்கிறாள். நோன்பு தொறந்த கையோட திரும்பவும் அவர்ட வேல. வயசாளி எண்டு செல்லுங்க, நான் ஒண்டும் செல்ல மாட்டேன். இந்தா, அவருக்கும் ஒரு பார்சல் கட்டி வச்சீக்கிறேன்."

குசினி வாசலில் கைரியா ஒரு கையில் போனும் ஒரு கையில் கரண்டியுமாக நின்றாள். போன் திரையில் வட்டிலப்பம் அப்பியிருந்தது. யுகேஷ் சிரிப்பை அடக்கப் போய் புரையேறி இருமினான். வாப்பா ஒன்றும் விளங்காமல் அவன் தலையில் தட்டிக்கொடுத்தார்.

கஜேந்திரன் மெதுவாகக் கையைக் கழுவினார். மெதுவாகத் துடைத்தார். கோபிப்பார் என்று கைரியா எதிர்பார்த்தாள். அவர் அதைவிட மோசமானதைச் சொன்னார்.

"அப்ப இவ்வளவும் நீங்களோ பிள்ளை? இது உங்களாலதான் ஏலும் எண்டு எனக்கு அப்பவே தெரியும். நாளைக்குப் பழைய மேசைக்கு வாங்கோ. மெஷினும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

கைரியாவுக்கு ஒரு மாதப் பசியும் மூன்று வருட ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஏலாது சேர்" என்றாள். "இந்த வேலய மூணு வருஷம் என்ட பேர்ல செஞ்சேன். ஒருத்தரும் கைதட்டல்ல. நல்லாச் செய்றாள் எண்டு செல்லி அங்கயே கட்டிப் போட்டீங்க. அதே வேலய ஒரு மாசம் மெஷின்ட பேர்ல செஞ்சேன். படம் போட்டுச் சுவத்துல காட்டினீங்க, கொழும்புல இருந்து வந்து கைதட்டினாங்க. நான் செஞ்சது கள்ளம்தான், அதுக்கு மன்னிப்புக் கேக்கிறேன். ஆனா திரும்ப அந்த மேசைக்கு வர மாட்டேன். எனக்கு அந்த வேல தெரியும் எண்டதுக்காக வாழ்நாள் முழுக்க அதுக்குள்ள கெடக்க ஏலாது."

உம்மா அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். கஜேந்திரனின் போன் மறுபடி அடித்தது. நடராஜா.

"எடுங்க சேர்" என்றாள் கைரியா. "மெஷின் எண்டு நீங்க காட்டினது ஒரு பொம்புளப் புள்ளய எண்டு செல்லுங்க. இல்லாட்டி, அந்த மெஷின உண்மையாவே ஓட வைக்க எனக்கு விடுங்க."

"வைக்கலாம் சேர்" என்றான் யுகேஷ், இருமி முடித்தவனாக. "அக்கா ஒரு மாசமாப் பிரிச்சது அம்புட்டும் அவரு பேருல உள்ள கெடக்கு. அத வச்சுப் பழக்குனா மயில்வாகனம் நெசமாவே ஓடுவாருங்க. ஒக்காந்து எழுத ஒரு ஆள் வேணும், அம்புட்டுத்தான்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கஜேந்திரன் அதைப் பார்த்தார், கைரியாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு எடுத்தார்.

"சேர், கோளாறைக் கண்டுபிடிச்சிட்டம். மயில்வாகனத்தாரைக் கொஞ்சம் திருத்த வேண்டிக் கிடக்கு. ஓம், நம்பலாம். எங்கட டெவலப்பர் கைரியா பாக்கிறா."

டெவலப்பர். முதலாளியிடம், அவர் வாயால், அவள் பெயரோடு சேர்த்து. கைரியா சந்தோஷத்தில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அது உருண்டு போய் வாப்பாவின் காலடியில் கிடந்தது.

போனை வைத்த கஜேந்திரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் சரி. நீங்கள் எழுதி முடிக்கும் வரைக்கும் வாற இஷ்யூவை ஆர் பிரிக்கிறது? பொட் ஓடுதெண்டு முதலாளி நினைச்சுக்கொண்டிருக்கிறார்." சொல்லிவிட்டு யுகேஷைப் பார்த்தார்.

"எனக்கு வெளிநாட்டு வேல கழுத்து வரைக்கும் இருக்குங்க சேர்" என்றான் யுகேஷ்.

அவர் கைரியாவின் பக்கம் திரும்பினார். அவள் குனிந்து கரண்டியைப் பொறுக்கி, சட்டையின் ஓரத்தால் துடைத்து, மேசையில் வைத்தாள். அந்த வேலைக்கு ஹோலில் மிச்சமிருந்தது கஜேந்திரன் மட்டும்தான். அது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"கடவுச்சொல்லைச் சொல்லுங்கோ பார்ப்பம்" என்றார் கடைசியில், யாருக்கும் கேட்காத குரலில்.

புறப்படும்போது உம்மா பார்சலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "மறக்காம மயில்வாகனத்தார்ட கையில சேத்திடுங்க."

"கைக்கு வந்திட்டுது அம்மா" என்றார் கஜேந்திரன், பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

அடுத்த வாரங்களில் வாடிக்கையாளர்கள் மயில்வாகனத்தாரிடம் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். முன்போல் தன்மையாக எழுதுவதில்லை, சுள்ளென்று விழுகிறார் என்று பேச்சு வந்தது. நலம் விசாரித்த சின்னமுத்துவுக்கு, 'நலம் இல்லை. விஷயத்தைச் சொல்லுங்கோ' என்று பதில் போயிருந்தது. முறைப்பாடுகள் பிழையான ரெப்போவுக்குப் போய், அங்கிருந்து திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தன. பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் தம்பி மகனைத் தன் தபால் கந்தோருக்குள் விட்டிருக்க மாட்டார்.

கைரியா ஜன்னலோர மேசையில் இருந்து எழுதினாள். இப்போது ஒரு திரைதான், அதில் அவளுடைய நிரல்தான். ஒரு வரி ஓடினாலும் சந்தோஷம், ஓடாவிட்டாலும் சந்தோஷம். ஒரு காலையில் கஜேந்திரன் கண் சிவந்து, முகம் மழிக்காமல், அவள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, எப்ப முடியும்?"

"எழுதிட்டுத்தான் ஈக்கிறேன் சேர்."

"விடிய முன்னம் எழும்பிறன். மூண்டு கம்பனியும் ஒருமிச்சு அழுகுது. இதை மனுசர் செய்ய ஏலாது பிள்ளை."

கைரியா திரும்பி அவரைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது, உண்மையாகவே பாவமாக இருந்தது. தனக்குத் தெரிந்த சில சுருக்கு வழிகளை அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். குளிர்ந்த தண்ணீர் ஒரு கிளாஸ் எடுத்து வந்து கொடுத்தாள். பிறகு மறுபடி தன் திரைக்குத் திரும்பி, ஒரு வரியை எழுதி, அதைப் படித்துப் பார்த்து, பிடிக்காமல் அழித்து, ஆறுதலாக இன்னொரு வரியைத் தொடங்கினாள்.